எதிர்காற்றுக் கணக்கு

ஜனவரி 9

தம்பிக்கு,

போனை எடுத்துப் பேசாமல் இவள் என்ன கடிதம் எழுதுகிறாள் என்று பார்க்காதே. நம் வீட்டில் போன் பேசினால் அது அப்பாவுக்கும் சேர்த்துப் பேசுவதுதான். நுரையீரல் பழுதானாலும் காது மட்டும் இன்னும் பாம்புக் காது. "அவன் என்ன சொல்றான்? நீ ஏன் கொரலத் தாழ்த்துற?" என்று கட்டிலில் இருந்தே குறுக்குவிசாரணை நடத்துகிறார். அதனால் சாப்பாட்டு நேரத்தில், மூக்குக்கண்ணாடி தேய்க்கிற மிஷினை நிறுத்திவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறேன். முதலாளி பார்த்தால் பவர் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். நீயும் இங்கேயே பதில் போடு.

உன்னிடம் வர அப்பாவுக்கும் எனக்கும் விசா வந்துவிட்டது. நேற்று நெஞ்சு டாக்டரிடம் போனோம். "போகலாம். மூச்சு மிஷின் கூடவே ஓடணும், பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். ஆனா எத்தனை மணி நேரம்னு சரியா கேட்டுட்டு வாங்க. பதினாறுக்கு மேலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். பக்கத்து ஆள் நான்தான். லீவு சொல்லிவிட்டேன்.

நீ வர முடியாது என்பது தெரியும். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாய், முடிவு வருவதற்குள் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். இதை நீ பத்துத் தடவை சொல்லிவிட்டாய், அப்பாவும் பத்துத் தடவை "சரிப்பா" என்றுவிட்டார். போனை வைத்த பிறகுதான் என்னிடம், "அவன ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்றார். அவர் எதையும் வாய் விட்டுக் கேட்கிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். அதனால்தான் வர வேண்டியவன் வர முடியாமல், நடக்க முடியாதவரைக் கிளப்புகிறோம்.

எந்த விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேண்டும், எப்போது போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதானே உன் பிழைப்பு. ஊரார் விமானத்துக்கெல்லாம் போடுகிறாய், உன் அப்பாவுக்கும் ஒன்று போட்டுக் கொடு. இந்த விமான நிலையத்திலிருந்து அந்த விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

அக்கா


ஜனவரி 13

அக்கா,

நீ கேட்டது சுலபமான கேள்வி மாதிரி இருக்கும். தூரம் ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். உலக உருண்டை மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற தூரம் அது. நேரம்தான் அப்படிச் சொல்ல முடியாது.

விமானம் பறக்கிற உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கேயிருந்து நீங்கள் இருக்கும் பக்கம் வரும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும். பதிமூன்று மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். அங்கேயிருந்து என் பக்கம் வருவதென்றால் முகத்துக்கு நேரே அடிக்கும். பதினைந்தரை. தூரம் அதே தூரம்தான்.

அந்தப் பதினைந்தரையும் தாளில் இருக்கிற கணக்கு. கிளம்புவதற்கு முன்னால் ஓடுபாதையில் வரிசையில் நிற்க வேண்டும். இறங்குகிற இடத்தில் நெரிசல் என்றால் மேலேயே சுற்ற விடுவார்கள். பனி என்றால் பக்கத்து ஊரில் இறக்குவார்கள். இதையெல்லாம் சேர்த்து வைக்காமல் என் மேஜையிலிருந்து ஒரு விமானமும் போனதில்லை. நானாக இருந்தால் பதினெட்டு என்று வைத்துக்கொள்வேன். மூச்சு மிஷினுக்கும் பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடுகிற பேட்டரி கையில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இன்னொன்று, விமானத்துக்குள் நாம் இழுக்கிற காற்று ஒரு பெரிய மலையின் மேலே நின்று இழுக்கிற காற்றுக்குச் சமம். நல்ல நெஞ்சுக்குத் தெரியாது.

மே மாதம் வந்தால் மேல்காற்று தணியும். பதினாலரையில் வந்துவிடலாம். ஒரு முழு மணி நேரம் மிச்சம். அது வரைக்கும் பொறுக்கலாமா அக்கா? அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நாலு மாசமா? கணக்கு வாத்தியார் காதில் விழுந்தால் பெஞ்சு மேல் ஏற்றுவார்.

டாக்டர் சொன்னது பதினாறு. நீ சொன்னது பதினைந்தரை. எது பெரியது என்று உன் மருமகளைக் கேட்டேன், மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள் பட்டென்று சொல்லிவிட்டாள். டிக்கெட் போடுகிற ஆபீஸிலும் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பெண், "போன வாரம்கூட ஒரு பெரியம்மா இதே மிஷினோட போனாங்க, போய்ச் சேந்து போட்டோ அனுப்பிச்சாங்க" என்கிறாள். நீ மட்டும்தான் பனி, நெரிசல், மலை என்று பயம் காட்டுகிறாய்.

அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. ஆயுசு முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர் இல்லையா, சந்தேகமெல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறது. "வழியில எங்கயுமே நிக்காதா? அப்ப டிரைவர் எப்ப சாப்பிடுவான்?" இரண்டு செட் டிரைவர், ஒரு செட் ஓட்டும்போது இன்னொரு செட் படுத்துத் தூங்கும் என்று நீ எப்போதோ சொன்னதைச் சொன்னேன். "படுக்க எடமும் குடுத்து சம்பளமும் குடுக்கறானா!" என்று அரை நாள் ஆச்சரியப்பட்டார். நேற்று உன் மாமாவைக் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி மீசைக்கு மை அடித்துக்கொண்டார். மிஷின் குழாய் மூக்கில் இருக்க, அதற்குக் கீழே கரேலென்று மீசை. சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுக்கு ஓடினேன், அங்கே போனதும் அழுகை வந்துவிட்டது.

நீ எதையும் கூட்டிக் கூட்டியே பார்க்கிறாய். ஒரு தடவை கழித்துப் பாரேன். அவருக்கு இன்னும் இருக்கிற நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார். அடுத்த மாதமே டிக்கெட் போடு.

அக்கா


ஜனவரி 24

அக்கா,

போட்டுவிட்டேன். பிப்ரவரி 12, காலையில் கிளம்புகிற விமானம். எங்கும் நிற்காது. கழிவறைக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரமாக இரண்டு இருக்கை. இரண்டு பக்கத்திலும் சக்கர நாற்காலிக்குச் சொல்லியாயிற்று. பேட்டரி ஆறு வேண்டும், வாடகைக்குக் கொடுப்பவர்களின் விவரம் தனியாக அனுப்புகிறேன். பெட்டியில் போட்டுவிடாதே, கையிலேயே இருக்க வேண்டும்.

என் அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்று உனக்குத் தெரியும். வீட்டுக்காரம்மாவிடம் பேசினேன். கீழே சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துத் தருகிறேன் என்றார். நானே சுவருக்கு வெள்ளை அடித்தேன். தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். நேற்று அதில் படுத்துப் பார்த்தேன், அப்பா உயரத்துக்குக் கால் இடிக்காது. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரன், "இத்தனை வருஷத்துல நீ சிரிச்சு இப்பத்தான் பாக்கறேன்" என்கிற மாதிரி அவன் மொழியில் ஏதோ சொன்னான்.

அந்த மையை இன்னொரு தடவை அடிக்கச் சொல். பிப்ரவரிக்குள் வெளுத்துவிடும்.

தம்பி


பிப்ரவரி 13

நேற்று விடிந்ததும் குளித்து, சட்டை மாட்டி, ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்ஸி வாசலுக்கு வந்துவிட்டது. உன் மாமா பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தும் ஆயிற்று. அப்போது உன்னிடமிருந்து செய்தி. "இன்று வேண்டாம். மேலே காற்று மிக மோசம். மார்ச் 10க்கு மாற்றிவிட்டேன். மன்னித்துவிடு."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயாக மாற்றிவிட்டாய்.

இங்கே ஒரு இலை அசையவில்லை. காற்று சரியில்லையாம்பா என்றேன். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எங்கடி காத்து?" என்றார். டாக்ஸிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று போய்விட்டார். சாயங்காலம் வரை அப்பா சட்டையைக் கழற்றவில்லை. ஷூவை மட்டும் உன் மருமகள் உட்கார்ந்து அவிழ்த்து விட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல். அந்த விமானம் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பித்தான் போனது. உன் ஸ்கிரீனில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எத்தனை மணிக்கு இறங்கியது?


பிப்ரவரி 14

அக்கா,

இருபது நிமிஷம் தாமதமாக இறங்கியது. அவ்வளவுதான்.

மழுப்பாதே என்றாய், மழுப்பவில்லை. முந்தின நாள் வேலை நேரம் முழுக்க அந்த ஒரு வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று பலமாக இருக்கிற இடத்தை எங்கள் ஸ்கிரீனில் ஊதா நிறத்தில் காட்டும். நீங்கள் வர வேண்டிய பாதை முழுக்க ஊதா. என் கணக்குக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் வந்தது. எண்ணெய் போதாமல் நடுவில் எங்கேயோ இறக்கி, கதவைத் திறக்காமல் மணிக்கணக்கில் உட்கார வைத்து, பேட்டரி ஒவ்வொன்றாகத் தீர்ந்து, அப்பா உன் மடியில் சாய்ந்து, என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் சொன்ன பதினாறைத் தாண்டுகிறது, ஆகாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அது எங்கள் கம்பெனி விமானம் இல்லை. அங்கே என்னைப் போல ஒருவர் உட்கார்ந்து, தெற்கே சுற்றி, காற்றுக்குக் கீழே நுழைந்து போக ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். நானும் தினமும் செய்கிற வேலைதான் அக்கா. யாரோ ஏறிப் போகிற விமானம் என்றால் எனக்கும் அந்த வழி கண்ணில் பட்டிருக்கும். அப்பா ஏறப்போகிறார் என்றதும் ஊதா மட்டும்தான் தெரிந்தது.

மார்ச் 10க்கு நான் எதையும் பார்க்க மாட்டேன். அன்றைக்கு ஸ்கிரீன் பக்கமே போக மாட்டேன். கிளம்பி வாருங்கள். அப்பாவிடம் போனில் பேசினேன், "பரவால்லப்பா, ரோடு சரியில்லன்னா வண்டிய எடுக்காம இருக்கறதுதான் நல்ல டிரைவர்" என்றார். திட்டியிருக்கலாம்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

மார்ச் 10 டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

போன மாதக் கடைசியில் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று போனில் சொன்னேன். அப்பா பக்கத்தில் இருந்ததால் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அதை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் போனவர் வேறு, வந்தவர் வேறு. எலும்பும் தோலுமாக வந்திருக்கிறார். பகலெல்லாம் மிஷின் ஓடுகிறது, படுத்தால் முட்டுகிறது என்று சாய்ந்தே இருக்கிறார். விமானத்தைப் பற்றி நானாகத்தான் டாக்டரிடம் கேட்டேன். பதினாறு மணி நேரம் என்று சொன்ன அதே மனுஷர், "வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போறதுன்னாலும் என்னக் கேட்டுட்டுப் பண்ணுங்க" என்றார். இனி ஒருநாளும் முடியாதா என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நீ மேல்காற்று தணியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குள் இவருக்குள் இருந்தது தணிந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வருகிறது தம்பி. உன் மேல் என்று சொன்னால் நீ சுருண்டுவிடுவாய். உன் மேல்தான்.

இனி ஒன்றே வழி. நீ வா. இந்தப் பக்கம் வர காற்று முதுகில் தள்ளும், பதிமூன்று மணி நேரம் என்று நீதானே எழுதினாய். அனுமதி போனால் போகட்டும் என்று அக்கா சொல்வது எளிது, தெரியும். இருந்தும் சொல்கிறேன். ஏறி உட்கார், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அனுமதி அலுவலகத்துக்கு மறுபடி போய் வந்தேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மாதிரிதான், அப்பாவின் ஆஸ்பத்திரித் தாளையெல்லாம் வாங்கிப் பார்த்தார். ஏப்ரல் கடைசிக்குள் முடிவு வந்துவிடும் என்கிறார். இப்போது வெளியே போனால் விண்ணப்பம் அதோடு முடிந்தது, வேலையும் போய்விடும். ஒன்பது வருஷம் அக்கா. அங்கே வந்தால் எனக்கு என்ன வேலை இருக்கிறது? நீயும் மாமாவும் அப்பாவோடு என்னையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

தினமும் ஆபீஸ் முடிந்து வந்து டிக்கெட் பக்கத்தைத் திறக்கிறேன். பெயர், தேதி எல்லாம் நிரப்புகிறேன். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் மூடிவிடுகிறேன். கோழை என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஏப்ரல் கடைசி வரை அவரைப் பிடித்து வை. இது எப்படிப்பட்ட வார்த்தை என்று எனக்கே தெரிகிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கீழ் அறைக் கட்டிலை அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 3

அக்கா,

மாமா போனில் சொன்னார். நீ ஏன் போனுக்கு வரவில்லை என்று கேட்க மாட்டேன்.

கடைசியில் அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

தம்பி


ஏப்ரல் 7

தம்பிக்கு,

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டாய். மூன்று நாளாக எழுதுவதா வேண்டாமா என்று அல்லாடிவிட்டு எழுதுகிறேன். உன்னை நோகடிக்க இல்லை என்று முதலில் எழுதினேன், அதை அழித்துவிட்டேன். கொஞ்சம் நோகட்டும். நான் மட்டும் சுமக்க முடியவில்லை.

கடைசி வாரம் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. கெட்ட காற்று வெளியே போகாமல் ரத்தத்தில் சேர்ந்தால் அப்படி ஆகும் என்றார் டாக்டர். தலைமாட்டில் மூச்சு மிஷின் ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும் அல்லவா, ஒருநாள் காலையில் கண்ணைத் திறந்து அதைக் கேட்டுவிட்டு, "பெல்ட்டு போடணுமாம்மா?" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், ஒரு துண்டை மடித்து அவர் இடுப்பில் சுற்றி விட்டேன். செய்தது சரியா தப்பா என்று தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கவில்லை.

அன்றையிலிருந்து வீடே விமானம்தான். "எங்க போயிட்டிருக்கோம்?" என்பார். கடல் மேலப்பா என்பேன். "டிரைவர் நல்லா ஓட்டறான், ஒரு குலுக்கல் இல்ல" என்பார். உன் மருமகள் தட்டில் தம்ளரை வைத்துக் கொண்டுவந்து, "சார், தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்பாள். உன் மாமாகூடக் கட்டிலைத் தாண்டும்போது குனிந்து போனார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கும்போதெல்லாம் ஒரு மணி நேரம் என்றேன். எதிர்காத்துப்பா, லேட்டாகுது என்றேன். உன்னைச் சொல்லிவிட்டு நானும் கூட்டிக் கூட்டித்தான் வைத்தேன். இப்படி மூன்று நாள். ஏற்றியவரை எங்கேயாவது இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மிஷின் நின்றது. ஓடிப்போய் சிலிண்டரை மாட்டினேன், அதில் சத்தம் வராது. வீடு அமைதியாகிவிட்டது. அப்பா கண்ணைத் திறந்து, "எறங்கியாச்சா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மருமகள் கையைத் தட்டி, "எறங்கியாச்சு தாத்தா!" என்றுவிட்டாள்.

சட்டை கேட்டார். சீப்பு கேட்டார். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்தேன். வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். மாடி வீட்டம்மா வந்தார், மருந்துக்கடைப் பையன் வந்தான், உன் மாமா வேலையிலிருந்து வந்தார். ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். வந்துட்டே இருக்கான்பா என்றேன். உன் குரலையாவது கேட்க வைக்கலாம் என்று இரண்டு தடவை போன் அடித்தேன். நீ டியூட்டியில் இருந்தாய், எடுக்கவில்லை. எங்கள் பக்கமிருந்து எதுவும் உன்னிடம் அந்த நேரத்துக்கு வந்து சேரவே இல்லை.

கடைசியில் அவர்தான் என்னைத் தேற்றினார். "வேலையா இருப்பான்மா, விடு" என்றார். பிறகு கட்டிலின் ஓரத்துக்கு நகர முயன்றார். ஏன்பா என்றேன். "நடுவுல உக்காந்தா போற வர்றவங்களுக்கு எடைஞ்சல்" என்றார். நகர்த்தி உட்கார வைத்தேன். சாயங்காலம் கரண்ட் வந்தது, மிஷின் மறுபடி ஓடியது, அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. படுங்கப்பா என்று எத்தனையோ கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டார். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தே போய்விட்டார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் என் கையைப் பிடித்து இழுத்து, மெதுவாகச் சொன்னார். நீ கேட்டது இதுதான். "ரொம்ப எளச்சுப் போயிட்டேன்ல. அவன் வந்திருப்பான்மா. அடையாளம் தெரியாம தாண்டிப் போயிருப்பான்."

அக்கா